வசந்தா சொல்லாத மறுப்பு

எங்கள் தெருவில் என் மனைவி வசந்தாவின் பெயரைக் கெடுத்தவன் நான்தான். குடித்துவிட்டு அல்ல, கோபத்திலும் அல்ல... மாலை ஆறு மணிக்குக் கடையைச் சாத்துவதற்காக!

நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

புதுச்சேரியில், மில்லை ஒட்டிய தெரு ஒன்றில், எங்கள் வீட்டு முன்னறையில் படம் வரையும் கடை வைத்திருந்தேன். தொடங்கியது 1973இல். தேதி இல்லாமல் எதையும் சொல்லிப் பழகாதவன் நான். ஆனால் இந்தக் கதையில் சில தேதிகளைச் சொல்ல வாய் வரவில்லை.

பெயர்ப்பலகைகளும் எழுதுவேன். ஆனால் சோறு போட்டவர்கள் இறந்தவர்கள்தாம். கருமாதியன்று பூமாலை சாத்தி வைக்கப் பெரிய படம் வேண்டும். மில் அடையாள அட்டையிலிருந்து பிய்த்தெடுத்த சின்னப் புகைப்படத்தைக் கையில் திணிப்பார்கள். கட்டம் போட்டு அதைப் பெரிதாக்கி, காரியத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். சிலரிடம் அதுவும் இராது. வைத்திக்குப்பத்திலிருந்து வந்த ஒருவர் தம் தங்கையைக் கொண்டுவந்து என் எதிரே உட்கார வைத்தார்.

"எங்கம்மா அச்சு அசல் இதே சாடைதான். இவளப் பாத்து வரைஞ்சிட்டு, கொஞ்சம் வயச மட்டும் கூட்டிடு ஆர்ட்டிஸ்ட்டு."

வரைந்தேன். படத்தைப் பார்த்து இருவரும் அழுதார்கள்.

அழுகிறவர்களிடம் எப்படி முடியாது என்பது? விடிவதற்கு முன் வந்தார்கள். சோற்றில் கை வைக்கும்போது வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், நான் படுத்திருந்த பாயின் ஓரத்திலேயே வந்து உட்கார்ந்தார்கள். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. 1976 கோடையில் வலக்கை நடுங்கத் தொடங்கியது. ஒரு பெரியவரின் புருவத்தை வரைவதும் அழிப்பதுமாக ஒரு பகல் போயிற்று. மாலையில் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வு கொடுக்காவிட்டால் பிரஷ்ஷை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் மருத்துவர்.

முடிவு செய்தேன். ஆறு மணிக்கு மேல் வேலை இல்லை. ஞாயிறு இல்லை. ஒரே சமயத்தில் இரண்டு படங்களுக்கு மேல் ஏற்பதில்லை. நல்ல முடிவு, இன்றும் அதில் பிழை காணமாட்டேன்.

பிழை அதைச் சொன்ன விதத்தில் இருந்தது.

மறுநாளே ஆறு மணிக்குப் பிறகு ஒருவர் வந்தார். 'முடியாது' என்ற சொல்லுக்காக வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க... வீட்லதான் சத்தம் போடுறா. இனிமே ஆறு மணிக்கு மேல பிரஷ்ஷத் தொட்டா சோறு கெடையாதுன்னுட்டா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லார் வூட்லயும் இதே கததான்! நான் காலைல வரேன்." என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எவ்வளவு எளிது! அவருக்கு என்மேல் வருத்தமில்லை, இரக்கம்கூட வந்துவிட்டது. பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வசந்தாவுக்கு ஒன்றும் தெரியாது. உண்மையில், "பாவம், எடுத்துக்குங்களேன்" என்று அழுகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவள் அவள்!

பிறகு அதுவே என் வழக்கமாயிற்று. மூலை வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவர் இருந்தார். தெருவுக்கே அவர் 'சொல்தா', அதாவது சிப்பாய். வசந்தா கோயிலுக்குப் போயிருந்த ஒருநாள் தெருவே கேட்கும்படி கேலி செய்தார்: "என்னாப்பா, மதாம் உத்தரவு குடுத்தாத்தான் கட தொறப்பியா?" அதிலிருந்து எங்கள் வீடு 'மதாம் வீடு', எசமானியம்மா வீடு என்று பொருள்.

"நான் என்னா, கவுன் போட்டுக்கிட்டா திரியறேன்? எதுக்கு மதாம்ங்கிறாங்க?" என்று வசந்தா என்னிடம் கேட்டுச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன்... காரணம் தெரிந்த ஒரே ஆள்!

1979இல் எதிர்வீட்டுத் தனத்தின் கணவர் இறந்தார். மில் தொழிலாளி. தனமும் வசந்தாவும் ஒருத்தி தலையை ஒருத்தி வாரிவிடுகிற அளவுக்கு ஒட்டுதல். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால், வசந்தா சோறு வடித்துக் குண்டானைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருந்தாள். அந்த நேரத்தில் வீராம்பட்டினத்திலிருந்து வந்த தனத்தின் அண்ணன், மச்சானின் புகைப்படத்தோடு என் வாசலில் நின்றார்.

கையில் ஏற்கெனவே இரண்டு படங்கள் இருந்தன. அதைச் சொல்லியிருக்கலாம். இல்லை, தனத்துக்காக விதியை மீறியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அந்த வாக்கியம் தானாக வந்தது.

"நான் வரைஞ்சிடுவேன்... வீட்ல ஒத்துக்க மாட்டா."

அவர் சிரிக்கவில்லை. எதிர்வீட்டைப் பார்த்தார்.

"அந்தம்மாதான் இப்ப எந்தங்கச்சிக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்காங்க" என்றார். "மொகத்துக்கு நேரா ஒண்ணு, முதுகுக்குப் பின்னால ஒண்ணா?"

புகைப்படத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை? தெரியவில்லை.

கருமாதியில் அந்தச் சின்னப் புகைப்படத்தையே ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். வசந்தா உள்ளே நுழைந்ததும் தனம் சொன்னாளாம்: "மதாம் வந்துட்டாங்க. நகந்து வழி விடுங்கடி." பெண்கள் நகர்ந்தார்கள். அவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை.

திரும்பி வந்த வசந்தா சேலையைக்கூட மாற்றவில்லை. "நான் என்னாங்க பண்ணேன்?"

"துக்கத்துல பேசுறது. விடு."

அதன்பிறகு தனத்தின் கணவரை வரைந்தேன். புகைப்படம் தேவைப்படவில்லை, தினமும் எதிரே பார்த்த முகம். ஆறு மணிக்கு மேலும், ஞாயிறுகளிலும் வரைந்தேன். வசந்தா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து எடுத்துப் போனேன். தனம் படத்தின் கன்னத்தைத் தடவினாள். பிறகு கேட்டாள்:

"அக்காவுக்குத் தெரியாம வரைஞ்சியாண்ணே?"

இதோ, உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான். அந்தக் கேள்வியில் கதவு திறந்திருந்தது. 'இல்லம்மா, அவளுக்கு எதுவுமே தெரியாது, எல்லாம் நான் சொன்ன பொய்' என்றிருந்தால் போதும்.

"ஆமாம்மா" என்றேன்.

"ஒனக்கு நல்ல மனசுண்ணே. ஒந்தலையெழுத்து, இப்பிடி ஒருத்தி வாய்ச்சா."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். என்ன உணர்ந்தேன் என்று கேட்காதீர்கள். சொம்பு குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

தனம் பிறகு வசந்தாவோடு பேசவே இல்லை. "இந்தத் தெருவுல எனக்கு மூச்சு முட்டுது" என்று வசந்தா சொல்லத் தொடங்கினாள். 1983இல் உழவர்கரைக்குக் குடிமாறினோம். அங்கும் முன்னறையில்தான் கடை. முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் வந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க... வீட்ல ஒத்துக்க மாட்டா."

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வசந்தா என் பின்னால் நின்றிருந்தாள்.

என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. மதாம், எதிர்வீடு, நகர்ந்து உட்கார்ந்த பெண்கள்... எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக இடம்பிடித்து அமர்வதைக் கண்டேன். பிறகு வந்தவரிடம் டம்ளரை நீட்டினாள்.

"ஆமாங்க. நான்தான் வேணாம்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு வாங்க."

அவர் போனதும் அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிடும்போது, "ரசம் ஊத்தவா?" என்றாள்.

இது 1988. இப்போது நான் வாய் திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நிற்கிறாள். குரலில் இளக்கம் இல்லை. இந்தத் தெருவும் அவளைக் கண்டிப்பானவள் என்கிறது. இப்போது அது உண்மை. நான் பொய்யால் வரைந்த பெண் அப்படியே வந்து நிற்கிறாள்... சாடைகூட மாறவில்லை! என் கை நடுங்குவதில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

சென்ற ஞாயிறு பேச முயன்றேன். "வசந்தா... தனம் விஷயத்துல..."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அடுத்த கட்டை எடுத்துப் பிரித்தாள். வாசலில் யாரோ, "சார்!" என்று கூப்பிட்டார்கள், அழுத குரல். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க உள்ளயே இருங்க. நான் சொல்லிக்கிறேன்."

நான் உள்ளேயே இருந்தேன்.