கடைசி டின்

ரேஷன் கடை வேலையில் சரியாக அளந்தாலும் திட்டு, அளக்காவிட்டாலும் திட்டு; அங்கே உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் போலகத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் மீனவர் ஊரான காரைக்கால்மேட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான்.

வரிசை

எண்ணெய் வரும் நாளில் ஆட்கள் நிற்க மாட்டார்கள், டின்கள்தான் நிற்கும். கடை திறந்ததும் டின்னை வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய், ஊற்றும் நேரத்துக்குத் திரும்பி வருவார்கள். அடுத்தவர் டின்னை யாரும் தொட மாட்டார்கள். முதலில் வந்த டின்னுக்கு முதலில் எண்ணெய். இதைவிட நியாயம் உண்டா என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. மீன் விற்கும் அஞ்சம்மா அக்காவின் டின் மட்டும் எப்போதும் கடைசி. ஒருநாள் அவர் முறை வருவதற்குள் எண்ணெய் தீர்ந்துபோனது. "சீக்கிரம் வரக் கூடாதாக்கா?" என்றேன்.

"நீங்க கடை தொறக்குற நேரத்துலதான் தம்பி அங்க மீன் ஏலம் வுடுறாங்க. அதை வுட்டுட்டு இங்க வந்தா, எண்ணெய வாங்கிட்டுப் போயி எதை ஆக்குறது?"

சமபங்கு

சுருக்கென்றது. அடுத்த முறை பேரலே பாதிதான் வந்தது. வரிசையாவது ஒன்றாவது என்று எல்லோருக்கும் பாதிப் பாதி ஊற்றிவிட்டேன். அஞ்சம்மா அக்காவுக்கும் கிடைத்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், டின்னை ஆட்டிப் பார்த்துவிட்டு நின்றார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வீட்டில் கரண்டு கிடையாது. வலி எப்போது எடுக்குமோ என்று விளக்கைத் தணித்துத் தணித்து எரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பல்பு எரியுற வூட்டுக்கும் பாதி, எங்க வூட்டுக்கும் பாதி. கை நல்லாத்தான் அளக்குது தம்பி, கண்ணுதான் பாக்கல."

கரைப் பங்கு

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வந்தது கொஞ்சம் எண்ணெய். பழையபடி வரிசை, பழையபடி அவர் டின் கடைசி. மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று மட்டும் சொன்னார், வேறெதுவும் கேட்கவில்லை. முறை தப்பி ஊற்றினால் முன்னால் இருப்பவர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? ஊற்றாவிட்டால் அந்தப் பெண் இருட்டில் அல்லவா பிள்ளை பெற வேண்டும்? புனலைப் பிடித்தபடி விழித்தேன்.

வரிசையில் முதல் டின் செல்லம்மாவுடையது. முந்தின நாள்தான் மீன் விலைக்காக அஞ்சம்மா அக்காவோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டவர். அவரே போய்க் கடைசி டின்னைத் தூக்கி வந்து, தன் டின்னுக்கு முன்னால் டங்கென்று வைத்தார். பின்னால் இருந்தவர்கள் தங்கள் டின்களை ஓரடி பின்னே நகர்த்திக்கொண்டார்கள்.

"என்ன பாக்குறீங்க? கடலுக்குப் போவ ஆம்பள இல்லாத வூட்டுக்கும் ஒரு பங்கு மீன எடுத்து வச்சுட்டுத்தான் நாங்க கரையில மிச்சத்தப் பிரிப்போம். ரொப்பி ஊத்துங்க."

குழந்தை நல்ல வெளிச்சத்தில் பிறந்தது. அதன் பிறகு யாருக்கு முதலில் என்பதை அந்தப் பெண்களிடமே விட்டுவிட்டேன் என்றாலும், திட்டில் என் பங்கு மட்டும் ஒருநாளும் குறையவில்லை.