அமாவாசைக்கு மறுநாள்

ஆடி அமாவாசை அன்னிக்கு மத்தியானம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாருங்க. சோத்துக்கு சண்ட நடக்கும். துன்றதுக்கு இல்ல, போடறதுக்கு. கார்ல வர்றவன், பைக்ல வர்றவன், அண்டாவோட வேன்ல வர்றவன், அத்தினி பேருக்கும் அந்தப் பதினாலு பேருதான் வேணும். பஸ் ஸ்டாண்டு பின்னாடி பழைய ஷெட்டுல படுத்துக் கெடக்கற, வூடு வாசல் இல்லாத பதினாலு பேரு. ஒவ்வொருத்தர் மடியிலயும் ஏழு பொட்டலம், எட்டு பொட்டலம். சாம்பார் சாதம், புளி சாதம், வடை, பாயாசம். வயிறு இன்னா கோணிப்பையா, ஒரே நாள்ல அத்தினியும் ரொப்பறதுக்கு? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. எங்க ஊர்ல புண்ணியத்த மட்டும் அளக்காம கொட்டுவானுங்க.

மறுநாளு வந்து பாருங்க. ஒரு நாதி இருக்காது.

இத்த மொதல்ல கண்டுபுடிச்சது ஞானசுந்தரி அக்கா. அதுக்கு டவுன்ல குப்ப வார்ற வேல, காண்ட்ராக்ட்ல. காலங்காத்தால தொடப்பத்தோட வந்துரும். ஒரு அமாவாசைக்கு மறுநாளு ஷெட்டப் பெருக்கும்போது, பிரிக்காத பொட்டலம் மட்டும் முப்பத்தெட்டு கெடந்துச்சாம். ஊசிப்போயி நூல் வுட்டுக்கினு. அத்தினியும் வாரி வண்டில கொட்டுச்சு. அன்னிக்கே மத்தியானம் அதே ஷெட்டுலேர்ந்து ஒரு ஆளு வந்து, எதனா துன்ன கீதா தாயின்னு அதுகிட்டயே கை நீட்டி இருக்காரு. அன்னிக்கு வந்த கோவம் இன்னும் எறங்கலன்னு எங்கிட்ட ஒரு வாட்டி சொல்லிச்சு. நான் பாத்த வரைக்கும் எறங்கல.

நான் சுகுமாரு. குட்டியானைன்னு சொல்றோமே, அந்த சின்ன லோடு வண்டி ஓட்டறேன். எங்களுக்குக் கொஞ்சம் நெலம் கீது, ஏரிப் பாசனம். அக்கா காலனி ஆளு. சின்ன வயசுல எங்க ஜனத்தோட நெலத்துலதான் நாத்து நட்டுக்கினு இருந்துச்சு. புருசன் டேனியல் சென்ட்ரிங் வேலைக்கு மெட்ராஸ் போயி, சாரத்துலேர்ந்து வியிந்து செத்துட்டாரு. ரெண்டு பொண்ணுங்கள ஒண்டியா வளத்து, படிக்க வெச்சு, கட்டியும் குடுத்துச்சு. எங்க ஆளுங்க அத்த "ஏ ஞானம்"னுதான் கூப்புடுவாங்க. பத்து வயசுப் பையன்கூட அப்டித்தான் கூப்புடுவான். நானும் அப்டி கூப்ட்டவன்தான், பொய் சொல்லல.

அது செஞ்ச வேல ரொம்ப சின்னது. வூட்ல மாட்ற மாச காலண்டர் ஒண்ண எடுத்துக்கினு, அன்னதானம் போடற ஒவ்வொருத்தர் வூட்டு வாசல்லயும் போயி நின்னுச்சு. அமாவாசைக் கட்டத்துல பேரு எயித எடமில்ல, மத்த கட்டமெல்லாம் மொட்டையா கெடக்குது, உங்க பேர வேற நாளைக்கு மாத்திக்கோங்கன்னு கேட்டுச்சு. அவ்ளோதான். அதுக்கு எவ்ளோ பேச்சு. நீ வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, உனக்கு அமாவாசையப் பத்தி இன்னா தெரியும்னு ஒருத்தரு கேட்டாரு. அமாவாசையப் பத்தித் தெரியாது சாமி, மறுநாள் குப்பையப் பத்தித் தெரியும்னு அக்கா சொல்லிச்சு. இன்னொருத்தரு, சோத்த நாங்களே வந்து போட்டுக்கறோம், நீ மட்டும் தொட்டுடாதன்னாரு. வாரி கொட்டறது மட்டும் அது தொடலாமாம். தூ.

ஆனாலும் வுடல. நடையா நடந்து ஒண்ணொண்ணா கட்டத்த ரொப்பிச்சு. பொறந்த நாளு, கல்யாண நாளு, வேண்டுதலு, எத்த சொன்னாலும் எயிதிக்கும். ஜெராக்ஸ் கடை சசிரேகா மொத நாளே எல்லாருக்கும் போன் போட்டு ஞாபகப்படுத்தும். நான் வண்டில போயி சோத்த எடுத்தாருவேன். மாசத்துல இருவத்தஞ்சு நாளு, மத்தியானம் பன்னண்டரைக்கு ஷெட்டுக்கு சோறு வந்துரும். போட்டோ எடுக்கறேன்னு செல்போனத் தூக்கறவனுக்கு அக்கா ஒரு மொற மொறைக்கும். போன் தானா பாக்கெட்டுக்குள்ள போயிடும்.

அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தி செங்கேணி. இருளர் ஜனம். வயசு அம்பதுதான், பாத்தா எழுவதுன்னு சொல்லுவீங்க. செங்கல் சூளைல கல்லு சொமந்து சொமந்து முட்டி போயிடுச்சு. வேல செய்ய முடியலன்னதும் சூளைக்காரன் குடிசைய காலி பண்ணச் சொல்லிட்டான். இருவது வருசம் சொமந்தவள ஒரே நாள்ல அனுப்பிட்டான். பத்தாததுக்கு சக்கரை வியாதி. மாத்திரை ஆஸ்பத்திரில ஓசியா குடுத்துடறாங்க. ஆனா அத்தப் போட்டா அரை மணி நேரத்துல சோறு துன்னணும், இல்லன்னா சக்கரை ஒரேயடியா கீய எறங்கி உசிரே போயிடும்னு நர்ஸம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. சோறு எப்ப வரும்னே தெரியாதவ எந்த நேரத்துல மாத்திரை போடுவா?

அதுக்கும் அக்காதான் வயி பண்ணுச்சு. பன்னண்டு மணிக்கு காஞ்சிபுரம் பஸ் எடுக்கும்போது மாத்திரையப் போடு, பன்னண்டரைக்கு சோறு வந்துரும், மழை பெஞ்சாலும் வரும், வராத நாளுன்னா முன்னாடியே நான் வந்து சொல்லிடறேன்னு வாக்கு குடுத்துச்சு. செங்கேணி அந்த வாக்க அப்டியே புடிச்சுக்கினா. பஸ்ஸு ஆரன் அடிச்சா மாத்திரை உள்ள போயிடும். ரெண்டு வருசம் அப்டித்தான் ஓடுச்சு.

இப்ப என் கதைக்கு வர்றேன். சொல்ல வாய் கூசுது, ஆனா சொல்றேன்.

போன ஆடி அமாவாசைக்கு ஒம்போது பேரு சோறு போடறேன்னு நின்னாங்க. அதுல நானும் ஒருத்தன். எங்கப்பா போயி மூணு வருசம் ஆவுது, அவருக்காவ வருசா வருசம் போடுவேன். மறுநாளு பாட்டிமை, பிரதமைன்னு சொல்லுவாங்களே, அது. பாட்டிமைல எங்க ஜனம் நல்ல காரியம் எதுவும் செய்யமாட்டாங்க, அதனால அந்தக் கட்டத்துல ஒரு பேரு இல்ல. அக்கா வெயில்ல தலைல துண்டப் போட்டுக்கினு என் வண்டிகிட்ட வந்துச்சு.

"தம்பி, ஒம்போது பேர்ல நீ ஒருத்தன் மாத்திக்க. மறுநாளைக்குப் போடு. செங்கேணிய நெனச்சுக் கேக்கறேன்"னு சொல்லிச்சு.

நான் பெரிய மனுசனாட்டம் சரின்னேன். அக்கா மொகம் மலர்ந்துபோச்சு. அந்த மொட்டைக் கட்டத்துல என் பேர ரெண்டு வாட்டி பேனாவால அழுத்தி எயிதிக்கினு போச்சு.

வூட்ல எங்கம்மா வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாங்க. அமாவாசை அன்னிக்குத்தான் உங்கப்பா வாசப்படில வந்து நிப்பாரு, பாட்டிமைல நீ போடற சோறு யாருக்குப் போய்ச் சேரும், பெத்தவன பட்டினி போடற புள்ளைய இப்பதான் பாக்கறேன்னு ஒரே அயுகை. ரெண்டு வேள சாப்புடல. அந்த நேரத்துல நான் வாயத் தொறந்து, பதினாலு பேரு பட்டினி கெடப்பாங்கம்மான்னு சொல்லி இருக்கணும். சொன்னனா? சொல்லல. எதுக்கு வூட்ல பேஜாருன்னு, அமாவாசை அன்னிக்கே அண்டாவத் தூக்கி வண்டில வெச்சேன்.

அமாவாசைல அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் வராது. பாத்தா சண்ட வரும்னு வேற தெருவுக்கு வேல மாத்தி வாங்கிக்கும். அது எனக்கு சவுரியமாப் போச்சு. செங்கேணி மடில ஏற்கெனவே எட்டு பொட்டலம், என்னுது ஒம்போதாவது. சிரிச்சுக்கினே வாங்கினா. அக்காவுக்கு ஒரு போன் போட்டு, நாளைக்கு நான் போடல, வேற ஆள பாருன்னு சொல்லி இருந்தா முடிஞ்சுது. அது வாயிக்கு பயந்துக்கினு போடல. சசிரேகா போன் பண்ணப்பவும் ஆங் ஆங்குன்னு மயுப்பிட்டு வெச்சுட்டேன். அதான் இவ்ளோ பொட்டலம் கீதே, மிச்சத்த நாளைக்கு துன்னுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். ஆடி வெயில்ல சாம்பார் சாதம் பொயுது சாயறதுக்குள்ள வாட அடிக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்.

மறுநாளு மதுராந்தகத்துக்கு சிமெண்டு லோடு. போன சைலண்ட்ல போட்டுட்டுப் போயிட்டேன்.

பன்னண்டு மணிக்கு பஸ்ஸு எடுத்துச்சு. செங்கேணி மாத்திரையப் போட்டுக்கினா. பன்னண்டரை ஆச்சு, ஒண்ணாச்சு, சோறு வரல. மொத நாளு பொட்டலமெல்லாம் காலைலயே குப்பைக்குப் போயிடுச்சு. ஒரு மாதிரி வருதுன்னு சொல்லிக்கினு டீக்கடைக்கு எதிர்ல போயி குந்தி இருக்கா. கடைக்காரரு தாண்டவராயன் பாவம் பாத்து ஒரு டீ குடுத்தாரு. சக்கரை வியாதிக்காரியாச்சேன்னு சக்கரையே போடாம குடுத்தாரு. நல்ல மனுசன்தான். அன்னிக்குப் பாத்து நாலு ஸ்பூன் அள்ளிப் போட்டு இருந்தா அவ எயுந்து நடந்து இருப்பா.

வேர்த்து ஊத்தி, கை ஒதறி, செவுத்துல சாஞ்சவ அப்டியே சரிஞ்சுட்டா. குடிச்சுட்டு கெடக்குதுன்னு சொல்லிக்கினே ஆளுங்க தாண்டிக்கினு போனாங்க. மொத நாளு அவ மடில பொட்டலத்த வெச்சு கும்புட்டுட்டுப் போன ஆளு ஒருத்தரும் தாண்டிக்கினு போனாரு. பேரு சொல்ல மாட்டேன், நான் இன்னா யோக்கியமா? ரெண்டு மணிக்கு மேல வேல முடிஞ்சு வந்த அக்காதான் பாத்துட்டு அலறி, 108க்கு போன் போட்டு, மடில போட்டுத் தூக்கிக்கினு போச்சு. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா பொணம்தான்னு டாக்டரு சொன்னாராம்.

ராத்திரி பூரா செங்கேணி கண்ணத் தொறக்கல. காலைல தொறந்தா. பத்து மணிக்கு அக்கா எனக்குப் போன் போட்டுச்சு. காதுல ரத்தம் வர்ற அளவுக்குத் திட்டும்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்கு வான்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுடுச்சு.

போனேன். கைல குளுகோஸ் ஏறிக்கினு இருந்துச்சு. என்னப் பாத்துட்டு செங்கேணி எயுந்து குந்தப் பாத்தா, முடியல. கண்ணத் தொறந்ததுலேர்ந்து அக்காகிட்ட ஒரே பாட்டுதான் பாடிக்கினு இருந்தா போல. எங்கிட்டயும் அத்தயே சொன்னா. தப்பு அவ மேலதானாம். சோத்தக் கண்ணால பாத்துட்டு மாத்திரை போட்டு இருக்கணுமாம், அவசரப்பட்டுட்டாளாம். உங்க எல்லாத்துக்கும் எவ்ளோ அலைச்சலுன்னு என்னப் பாத்து வருத்தப்படறா.

அக்கா எம்பக்கம் திரும்புச்சு.

"சொல்லு தம்பி. உன் வாயால சொல்லு."

சொன்னேன். மறுநாளைக்கு போடறேன்னு வாக்கு குடுத்தேன், அமாவாசை அன்னிக்குப் போட்டாத்தான் அப்பாவுக்குப் போய்ச் சேரும்னு அம்மா அயுதாங்க, அதனால மாத்திட்டேன், யாருக்கும் சொல்லலன்னு எல்லாத்தயும் சொன்னேன். அவ காறித் துப்புவான்னு பாத்தேன். துப்பி இருந்தா நல்லா இருந்திருக்கும்.

செங்கேணி சொன்னா, "அது சரிதான நைனா. எனக்காவ உங்கப்பா பட்டினியா நிக்கலாமா?"

கிண்டல் இல்ல. மனசாரத்தான் சொன்னா.

அக்கா விருட்டுனு எயுந்து வெளிய போயிடுச்சு. நானும் பின்னாடியே போனேன். தாவாரத்துல செவுத்தப் புடிச்சுக்கினு நின்னுச்சு. கண்ணு செக்கச்செவேல்னு இருந்துச்சு, அயுகை இல்ல. அக்கான்னு கூப்ட்டேன். என் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்தது அன்னிக்குத்தான் மொத தடவ. அது அத்தக் கண்டுக்கவே இல்ல.

"கோவப்படறதுக்கும் வயித்துல சோறு வேணும் தம்பி. அவளுக்கு என்னிக்கும் இருந்ததில்ல. அதான் அவளுக்கும் சேத்து நான் படறேன்"னு சொல்லிச்சு.

சொல்லிட்டு மணியப் பாத்துச்சு. பதினொண்ணு தாண்டிடுச்சு, இன்னிக்கு கட்டத்துல இருந்தவங்களும் வரலன்னு சொல்லிட்டாங்க, அங்க பதிமூணு பேரு குந்திக்கினு கீறாங்க, எந்த ஓட்டல்லயாச்சும் போயி கேக்கலாம், வண்டிய எடுன்னு சொல்லிச்சு.