என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்

என் பிள்ளைகளே, உங்கள் அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்து வாசியுங்கள்.

எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில் என் வேலை போயிற்று. ஓர் அரசு அலுவலகத்தில் டவாலிப் பியூனாக இருந்தேன். ஒரு ஃபைல் காணாமல் போனது. நான்தான் வெளியே கொடுத்தேன் என்று முடிவுகட்டி, நீக்கிவிட்டதாகக் காகிதத்தை நீட்டினார்கள். ஃபைல் காணாமல் போன அன்று நான் அலுவலகத்திலேயே இல்லை. மேலூர் ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மாவோடு இருந்தேன். எஸ்தரே, நீ பிறந்த நாள் அது. சொல்ல வாயெடுத்தேன். "பேசாமப் போய்யா" என்றார் அதிகாரி.

காளவாசல் மரக்கடையில் சுமை தூக்கினேன். தோள் புண் ஆறுவதற்குள் மறுபடி கிழியும். "ஆண்டவரே, அந்த அதிகாரியை இடம் மாற்றும்" என்று தினமும் ஜெபித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போகப்போக ஜெபமே புலம்பலாகிவிட்டது.

அப்போது உங்கள் மாமா நம் வீட்டில் தங்கிச் சட்டம் படித்தார். நிர்வாகச் சட்டம் என்ற பாடம் அவருக்கு அந்த வருஷம்தான் வந்தது. ஒரு சாயங்காலம் புத்தகமும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மச்சான், ஆதாமுக்கே ஆண்டவர் நோட்டீஸ் குடுத்திருக்காராம்!"

"வேதத்தக் கேலி பண்ணாத மாப்ள. நானே ஒடம்பு வலில கெடக்கேன்."

"கேலியில்ல மச்சான், பாடத்துல இருக்கு. பழத்தத் தின்னது தெரிஞ்சும், கூப்ட்டு விசாரிச்சுட்டுத்தான் தோட்டத்த விட்டு அனுப்புனாராம். கேக்காம யாரையும் தண்டிக்கக் கூடாதாம்."

அதோடு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒங்கள யாரு மச்சான் கேட்டா?"

எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் மேலதிகாரிக்கு அவரே மனு எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகும் ஐந்து மாதம் சுமைதான். கடைசியில் கூப்பிட்டார்கள். மேலதிகாரி நாற்காலியைக் காட்டி, "ஒன் தரப்பச் சொல்லுய்யா" என்றார். லீவு எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன், ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். பத்து நிமிஷம் இருக்காது. வேலை திரும்பக் கிடைத்தது.

நான் கேட்டபடி அந்த அதிகாரி இடம் மாறவில்லை. அவருக்கேதான் மறுபடி டீ வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் ஆண்டவர் பதில் தந்தார், நான் பார்க்காத பக்கத்திலிருந்து. அதுமுதல் உங்களில் யாரையும் விசாரிக்காமல் நான் கை ஓங்கியதில்லை. ஜெபித்து அலுத்துப்போகும்போது நீங்களும் ஆண்டவரை விட்டுவிடாதீர்கள்.

வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம் தனியாக ஆலயத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் முழங்காலிட்டேன். இத்தனை நாளும் நானே பேசியிருக்கிறேன். ஆண்டவர் தரப்பை ஒருநாளும் கேட்டதில்லை. கதவடைக்கும் நேரம்வரை வாய் திறக்காமல் இருந்தேன்.