ஒரே முகவரியில் பதினேழு விண்ணப்பங்கள்

ஒரே முகவரியிலிருந்து பதினேழு பேர் விண்ணப்பித்தால் அது மோசடிதானா?

ஆமென்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு வரும் விண்ணப்பங்களைத் தெரிவுசெய்யும் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொழும்பில் எங்கள் குழு உருவாக்கியது. பழைய கோப்புகளில் ஒரே முகவரியைக் கொண்டவை பெரும்பாலும் ஒருவரே பல பெயர்களில் அனுப்பியவை. அவற்றைப் ‘போலி’ என்று நானே குறித்துக் கொடுத்தேன். செயலி விரைவாகக் கற்றுக்கொண்டது.

போயா என்னும் பௌர்ணமி விடுமுறைக்கு, நிவித்திகலைக்கு அருகில் நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வசிக்கும் பெண் ஒரு கடிதத்தை நீட்டினாள். எங்கள் செயலி எழுதிய வாசகம்: ஒரே நபர் பல பெயர்களில் விண்ணப்பித்த சந்தேகத்தால் நிராகரிக்கப்பட்டது. வகுப்பு தொடங்க இரண்டு வாரமே இருந்தது.

“பதினேழு பேருக்கும் இதே கடுதாசிதான் அக்கா. நாங்க எல்லாரும் ஒரே ஆளாம்! அனே, எங்கம்மாவுக்கு நான் ஒருத்தியே தாங்கல.”

“எல்லாரும் என்ன விலாசம் போட்டீங்க?”

“வேற என்னத்தப் போடுறது? லயத்துக்கு நம்பரா இருக்கு? தபாலு தோட்டத்து ஆபிசுக்குத்தானே வருது. ஒங்களுக்கும் அங்கதானே வந்துச்சு?”

வந்தது. என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை அந்த அலுவலக மேசையிலிருந்துதான் எடுத்துவந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

திங்கட்கிழமை குழுத் தலைவர் முன் கடிதத்தையும் பதினேழு பேரின் பட்டியலையும் வைத்தேன்.

“ஒரு தோட்டத்துக்காக எல்லாத்தையும் திரும்பச் செய்யணுமா?”

“எல்லாத் தோட்டமும் இப்படித்தான் சேர்.”

“விலாசத்தப் பார்க்காம விட்டா, உண்மையான போலியும் உள்ள வருமே?”

அந்தக் கேள்வி நியாயமானது. வழி முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். “அடையாள அட்டை இலக்கத்தப் பார்ப்போம். இந்தப் பதினேழும் வேற வேற.”

அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “எத்தன நாள் வேணும்?”

“ஒரு கிழமை, ஏழு நாளாவது வேணும்.”

“மூணு நாள் தாறேன்.”

மூன்று நாளில், முன்பு நான் ‘போலி’ என்று குறித்த கோப்புகளை மீண்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, திருத்தி, செயலியைப் புதிதாகப் பயிற்றினோம். நிறுவனம் பழைய கடிதங்களை மீளப் பெற்றுக்கொண்டு, பதினேழு பேரையும் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. ஆறு பேருக்கு இடம் கிடைத்தது. கடிதத்தை நீட்டியவளும் அவர்களில் ஒருத்தி. இப்போது செயலி ஒதுக்கும் எந்த விண்ணப்பத்தையும் ஒரு மனிதர் வாசித்துப் பார்க்காமல் நிராகரிப்புக் கடிதம் அனுப்பப்படுவதில்லை.