உட்கார வைத்தது நான், நடக்க வைத்தது மாதா

உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த என் மனைவி ஆரோக்கியமேரி, தோள் வலிக்கிறது என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயு என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தேன். வேர்வை நிற்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது அவளுக்கு அறுபத்திரண்டு வயது.

நான் அஞ்சாவதோடு படிப்பை விட்டவன். எதற்கும் பயப்படுகிறவன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, "மாதாவே, இவளை என்கிட்டேருந்து எடுத்துக்காதே" என்று அழுதேன். அவள் பிழைத்து வந்தாள். என் பயம் மட்டும் போகவில்லை.

டாக்டர் சொன்ன ஓய்வு ஒரு மாதம். நான் அதை இரண்டு வருஷமாக்கினேன். துடைப்பத்தைத் தொட விடமாட்டேன். கோயிலுக்குக்கூட ஆட்டோதான். சனிக்கிழமைதோறும் மாதா முன்னால் அதே ஜெபம்.

ஒருநாள் பரிசோதனைக்குப் போனபோது, பத்துப் படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். படியிலேயே நின்று ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தேன்.

எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "இதயம் நல்லா இருக்குதும்மா. உடம்புதான் நடக்க மறந்துபோச்சு. யாரு உங்கள உக்கார வச்சது?"

"இதோ நிக்கிறாரே, இவருதான் எங்க வூட்டு டாக்டரு. நான் தூங்கினா மூக்குல கைய வச்சுப் பாக்குறாரும்மா" என்றாள் என் மனைவி.

நர்ஸ் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. என் ஜெபம் எப்போதோ கேட்கப்பட்டுவிட்டது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து நடந்தோம். முதலில் தெருமுனை வரை, அப்புறம் கோயில் வரை, அப்புறம் உப்பளத்து வரப்பில். மாத்திரையை ஒருவேளையும் விட்டதில்லை. உப்பு விளைகிற ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் உப்புக் குறைந்த குழம்புதான் சாப்பிடுகிறோம்.

ஸ்டென்ட் வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த வருஷத் திருவிழாவில், தேருக்குப் பின்னால் ஊர் முழுக்கச் சுற்றி வந்தாள் அவள். நான் முழங்கால் வலியோடு பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிற அந்தோணி நம்ப முடியாமல் கேட்டான், "ஏம்பா, அது உம் பொண்டாட்டியா?"

"ஆமாம்பா, எம் பொண்டாட்டிதான்" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை.

பயந்துகொண்டே ஜெபிக்கிற சகோதர சகோதரிகளே, மாதா வழியாக ஆண்டவரைக் கேளுங்கள். டாக்டர் சொல்வதையும் கேளுங்கள். கிடைத்துவிட்டால் நம்புங்கள்.

எனக்கு இன்னும் பயம் வரும். வந்தால் வரப்பைப் பார்ப்பேன். எனக்குப் பத்தடி முன்னால் அவள் போய்க்கொண்டிருப்பாள்.