வேல் என் கைக்கு வந்த நாள்

ரியூட்டரியில் வகுப்பு முடிந்து வாசலில் நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. யுத்தம் முடிந்து, கதிர்காமப் பாதயாத்திரை எங்கள் கல்முனை றோட்டால் மறுபடியும் போனது. முன்னுக்கு வேல் பிடித்து வந்தவள் என்னோடு படிக்கும் வசந்தி! சோதினையில் எப்போதும் எனக்குக் கீழே வருபவள். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த நாள் விடியவே, ஒரு நாள் நடையாவது நடப்போம் என்று காரைதீவில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

வேலுக்கு முன்னால் யாரும் நடக்கக்கூடாதாம். சுனாமியில் முறிந்த காலை இழுத்து வசந்தி நடக்க, வேகமாக நடந்தே பழகிய நான் பின்னால் நெளிந்தேன். நிந்தவூரில் கடைக்கார முஸ்லிம் காக்கா ஒருவர் தேசிக்காய்த் தண்ணி கரைத்து வந்து, "முதல்ல வேல் புடிச்ச மகள் குடிக்கட்டும்" என்றார். பார்க்கவே பொறுக்கவில்லை.

வெறுங்காலோடு தார் றோட்டில் நடந்ததால், அட்டாளைச்சேனை தாண்ட என் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. எல்லோருக்கும் பின்னால் நொண்டினேன். கூட்டத்தை நடத்தி வந்தவர் திரும்பிப் பார்த்தார். வசந்தி பிடித்திருந்த வேல் என் கைக்கு வந்தது.

"எனக்கா, சாமி?"

"ஓம் சாமி. ஆர் மெதுவா நடக்கிறாங்களோ அவங்கட கையிலதான் வேல். அப்பதான் ஒருத்தரும் விடுபடமாட்டாங்க."

வசந்தி சிரித்தாள். "மட்டக்களப்பில இருந்து நான் பிடிச்சிட்டன். இனி நீ பிடி புள்ள."

கையை வீசிக்கொண்டு அவள் பின்னுக்குப் போனாள். இப்போது அந்த வீசின கையில் எனக்குப் பொறாமை. ஆனாலும், அக்கரைப்பற்று வரைக்கும் அத்தனை பேரும் என் நொண்டலுக்குத் தக்கபடி நடந்தது வெட்கமாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

வருகிற ஆடியில் கதிர்காமம் வரைக்கும் நடக்கப்போகிறேன். இப்போதே பின்னேரங்களில் செருப்பில்லாமல் றோட்டில் நடந்து பழகுகிறேன். வேல் மறுபடி என்னிடம் வராமல் பார்க்கவேண்டும்.