லயத்துச் சாப்பாட்டுக்கு ஐந்து நட்சத்திரம்

வெள்ளைக்காரர்கள் எங்கள் வாசலைத் தாண்டி நடந்துபோவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் நடுவே ஒரு நடைபாதை போகிறது. மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் முதுகில் மூட்டையும் கையில் ஊன்றுகோலுமாக யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கொழுந்து பறிக்கிற பெண்களைப் படம் எடுப்பார்கள், பிள்ளைகளுக்கு டொபி கொடுப்பார்கள், பிறகு பசியோடு டவுன்வரை நடந்துபோய்க் காய்ந்த பணிஸ் தின்பார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால் நின்றுகொண்டேதான் பக்கத்தில் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று போனில் தேடுவார்கள். உள்ளே என் தங்கச்சி ரொட்டி சுடுகிற வாசனை அவர்கள் மூக்கில் ஏறும். போனில் அது எங்கே வரப்போகிறது?

தங்கச்சிக்கு அப்போது குவைத்துக்குப் போக எல்லாம் தயார். மெடிக்கல் முடிந்துவிட்டது, ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார், விசா வருவது ஒன்றுதான் பாக்கி. அவள் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். அவன் உழைப்பு அவன் வயிற்றோடு சரி. மகளுக்கு மூன்று வயது. வீட்டு வேலைக்கென்று போய்த் திரும்பியவர்களின் கதையும், திரும்பாதவர்களின் கதையும் எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் போகக்கூடாது. எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான்.

நான் ஹட்டனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, போனுக்கு ரீலோட், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. டவுனில் ஒரு மண்டபத்தில் சிறு வியாபாரிகளுக்கு இணையத்தில் விளம்பரம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் ஒன்று எங்களிடமே கொப்பி எடுக்க வந்தது. தங்கச்சியின் ரொட்டியை அந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்றால் அவள் போக வேண்டியதில்லை என்று தோன்றியது. முதலாளியிடம் லீவு கேட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஆசிரியர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், குறை சொல்ல முடியாது. விளம்பரம் என்றால் ஸ்பீக்கர் கட்டிக் கத்துவது என்று நினைத்திருந்தேன். தேடுகிறவன் கண்ணில் படுகிற இடத்தில் போய் நிற்பதுதான் விளம்பரம் என்றார் அவர். வாடிக்கையாளர் எந்தச் சொல்லைத் தட்டுவாரோ அந்தச் சொல்லை உன் இணையப் பக்கத்தில் வை. பெயரும் முகவரியும் போன் நம்பரும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். படம் உன்னுடையதாக இருக்கட்டும். சாப்பிட்டவர்களே உன்னைப்பற்றி எழுதட்டும். அதற்குமேல் பொறுமையாக இரு. பொறுமையாக இருக்க எங்களுக்கா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முகவரியில்தான் முதல் அடி விழுந்தது. எல்லோரும் வீதிப் பெயரும் இலக்கமும் எழுதினார்கள். நான் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதி, மேல் லயம் என்று போட்டேன். எந்த வீதி என்று ஆசிரியர் கேட்டார். வீதி இல்லை, சேர் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேப்பில் உங்கள் வீடு இருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள் என்றார். மேப்பைத் திறந்து பார்த்தால் ஃபெக்டரி இருக்கிறது, துரை பங்களா இருக்கிறது, தூரத்து நீர்வீழ்ச்சிகூடப் படத்தோடு இருக்கிறது. பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் பிறந்து செத்துக்கொண்டிருக்கிற லயம் மட்டும் வெறும் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே விரலை வைத்து அழுத்தினேன்.

எங்கள் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர் வைப்பதற்குள் அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் சண்டை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். எந்த வெள்ளைக்காரி மாரியம்மனைத் தேடிக்கொண்டு வரப்போகிறாள் என்று கேட்டேன். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று அவளுக்குப் பயம். கடைசியில், தேயிலைத் தோட்டத்து வீட்டுச் சாப்பாடு என்று இங்கிலீசில் வைத்தோம். ரொட்டி, கட்டச்சம்பல், பருப்பு, கிழங்குக் கறி, பிளேன்டீ என்று ஒவ்வொன்றையும் அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினேன். வீட்டையும் வாசலில் நின்ற தங்கச்சி மகளையும் சேர்த்துப் படம் எடுத்துப் போட்டேன். நடைபாதையின் பெயரையும் சேர்த்தேன், ஒரே ஒரு தடவை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணித்தால் தேடுபொறிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற மாமியார் மாதிரி அது ஒரு பிறவி.

முதலில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் வந்தார்கள். போனைப் பார்த்துக்கொண்டே பாதை வளைகிற முடக்கில் திரும்பி, எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் வந்து நின்று, இதுதானா என்று கேட்டார்கள். தங்கச்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சம்பல் காரத்தில் கண்ணால் தண்ணீர் ஊற்ற ஊற்ற, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். போகும் வழியிலேயே இணையத்தில் எங்கள் பக்கத்தில் நல்லபடியாக எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். விசா வருவதற்குள் வியாபாரம் சூடு பிடித்துவிட்டால் எங்கேயும் போகமாட்டேன் என்று தங்கச்சி தன் வாயால் சொன்னது அப்போதுதான். அந்த நாட்களில் அவள் பாட்டுப் பாடிக்கொண்டே சட்டி கழுவினாள்.

இந்த மாதிரி இன்னும் பத்துப் பேர் எழுதினால் தேடும்போது நாம் மேலே வந்துவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் அதைப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். பீலிக்கரையில் விழுந்த பேச்சு எங்கே நிற்கும்? மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், சங்கத்துத் தோட்டத் தலைவர் எழுந்து நின்று சொல்லிவிட்டார்: "நம்ம புள்ள குவைத்துக்குப் போகாம இருக்கணும்னா ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டுவிடுங்க."

எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பந்தல் கட்டவும் எல்லோரும்தான், ஒரு வீட்டில் சாவு என்றால் குழி வெட்டவும் எல்லோரும்தான். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இதற்கும் அப்படித்தான் கிளம்பினார்கள். கோயிலுக்கு மேலே முடக்கில் மட்டும்தான் சிக்னல் நன்றாகப் பிடிக்கும். தராசில் கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு, எல்லோரும் அங்கே போய் நின்று போட்டார்கள். போன் இல்லாதவர்கள் அடுத்தவர் போனில் புதுக் கணக்குத் திறந்து போட்டார்கள்.

நான் ஹட்டனில் கடையில் இருந்தேன். என் போன் விடாமல் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால், சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும், தங்கமான பிள்ளை என்று ஒருவர். என் அம்மா நோயாகக் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள் என்று இன்னொருவர். இந்தப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று ஒரு அம்மா. சாப்பாட்டைப்பற்றி ஒருத்தராவது எழுத வேண்டுமே! கங்காணி ஒருவர், முதல் நட்சத்திரம்தான் பெரியது என்று நினைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் அழுத்திவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகுதான் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரே நாளில், ஒரே இடத்திலிருந்து, புதுக் கணக்குகளிலிருந்து இத்தனை பாராட்டு வந்தால், ஆள் வைத்து எழுதிய பொய் என்றுதான் தேடுபொறி முடிவு பண்ணும். கடை மூடுவதற்குள் எங்கள் பக்கம் முடக்கப்பட்டுவிட்டது.

யாரைப் போய் ஏசுவது? ஒருத்தர்கூடப் பொய் எழுதவில்லை. அவர்களில் அவள் கையால் சாப்பிடாதவர்கள் யாருமே இல்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது லயத்து ஆட்கள் வாசலில் காத்துக்கொண்டு நின்றார்கள். சரியாக வந்ததா என்று தலைவர் கேட்டார். நல்லா வந்துச்சுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பக்கத்தைத் திரும்பத் திறக்க வேண்டுமென்றால் தேடுபொறி அத்தாட்சி கேட்டது. கடை வாசலில் மாட்டிய போர்டு எங்கே, முகவரியோடு கரண்ட் பில் எங்கே, இந்த இடம் உங்களுடையதா? கரண்ட் பில் செத்துப்போன எங்கள் அப்பா பெயரில் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கிற காம்பரா கம்பெனியுடையது. போர்டு மாட்டுவதற்கு அனுமதி கேட்டுத் தோட்ட ஆபீசுக்குப் போய், தோட்டத்தை நடத்துகிற துரையைப் பார்த்தேன். அவர் சிங்களத்தில், கோபமே இல்லாமல்தான் பேசினார். லயம் கடை இல்லை, இன்று உங்களுக்கு விட்டால் நாளைக்கு எல்லோரும் போர்டு மாட்டுவார்கள், கொழும்பில் கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. தேடுபொறியின் மேல் வந்த கோபத்தைத்தான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அதற்கு வாசலும் இல்லை, மனுஷர்களும் இல்லை.

இன்னொரு வழியும் இருந்தது. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பாதை தெரிய வேண்டும், போர்டு தெரிய வேண்டும், கதவைத் திறந்து உள்ளே போய் வேலை செய்வதும் தெரிய வேண்டும். சுவரில் மாட்டினால்தானே குற்றம் என்று தங்கச்சி ஒரு பலகையில் பெயின்டால் பெயரை எழுதி, அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். முடக்கிலிருந்து அப்படியே நடந்துவந்தாள். மகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். கொண்டியைத் தள்ளி உள்ளே போய், அடுப்பை ஊதி, கல்லில் ரொட்டியைப் போட்டாள். பேசத் தேவையில்லை என்று சொல்லியிருந்தேன். ஆனாலும் போனைப் பார்த்து, "நான் இங்கதாங்க இருக்கேன்" என்றாள். அதையும் சேர்த்தே அனுப்பினேன்.

பதில் வரவில்லை. காலையில் பஸ்ஸில் பார்ப்பேன், கடையில் பார்ப்பேன், திரும்பும்போது பார்ப்பேன். நடைபாதையில் ஆட்கள் முன்புபோலவே எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். விசா முந்திக்கொண்டது.

ஏஜென்சிக்காரரின் வான் வந்தபோது மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமலேதான் தங்கச்சி ஏறினாள். சொன்னால் ஏற முடியாது என்று அவளுக்குத் தெரியும். தலைவர் ரோட்டுவரை கூட வந்தார். நாமெல்லாம் நட்சத்திரம் போட்டோமே, அப்புறம் ஏன் போகிறாள் என்று என்னிடம் கேட்டார்.

அவள் போன மறுவாரம், நான் கொப்பி எடுத்துக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. வாழ்த்துச் சொல்லி, உங்கள் வியாபாரம் அந்த முகவரியில் இருப்பது உறுதியாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அவள் அங்கே இருக்கிறாள் என்று நம்பிவிட்டார்களாம். நாசமாய்ப் போக! மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதைவிடக் கொடுமை, ஆட்கள் வரத் தொடங்கியதுதான். நான் படித்ததெல்லாம் ஒன்றுவிடாமல் பலித்தது. பக்கம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. பக்கத்தில் சாப்பாடு என்று யார் தட்டினாலும் எங்கள் லயம்தான் முதலில் வந்தது. வேலைக்குப் போகிற கிழமை நாளில் நான் ஹட்டனில் இருப்பேன், தங்கச்சி மகள் பக்கத்து வீட்டில் இருப்பாள். வந்தவர்கள் மூடிய கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். நடந்து களைத்துப்போய் வந்தோம், இங்கே யாருமே இல்லை என்று ஒருவர் எழுதி ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். அவர் எழுதியதில் என்ன தப்பு இருக்கிறது? இனி இது வேண்டாம், நிரந்தரமாக மூடியாகிவிட்டது என்று போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமைதான் குவைத் வீட்டில் தங்கச்சியை நிம்மதியாகப் பேச விடுவார்கள். மூடப்போகிறேன் என்று சொன்னேன்.

"மூடிறாதக்கா," என்றாள். "வேல முடிஞ்சு படுக்கப் போறப்ப அதத்தான் தொறந்து பாத்துக்கிட்டு இருக்கேன். வீடு தெரியுது, பாப்பா தெரியுறா. இங்கருந்து நம்ம வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு மேப்புல அமுத்துனாத்தான், வழி இல்லேன்னு வருது."

நான் மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது போனைப் பார்த்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினால், என்னை முந்திக்கொண்டு தங்கச்சி மகள்தான் ஓடுகிறாள். சாப்பாடு இருக்கிறதா என்று அவர்கள் இங்கிலீசில் கேட்கிறார்கள். அவளுக்கு அது புரிவதில்லை. அம்மா இல்லை என்று சொல்கிறாள்.